எக்ஸ்ட்ரா அக்கா

படகுத்துறைக்குப் பின்னால், கயிற்றுக் கடைக்கும் ஐஸ் கிடங்குக்கும் நடுவே ஒரு மாடிப்படி ஏறும். ஏறி முடித்தால் முதலாளியின் அறை, அதற்கு வெளியே நான்கு மேஜைகள். ஜன்னலோர மேஜைக்காரிக்கு அந்தத் துறைமுகம் முழுக்க எக்ஸ்ட்ரா அக்கா என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் உண்டு. சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே பக்கத்து மேஜையைத் திரும்பிப் பார்ப்பாள்.

பெயர் வந்த காரணத்தில் ரகசியம் இல்லை. பத்துப் பேர் போகும் படகுக்குப் பதினோரு துண்டு எழுதுவாள். எட்டுப் பேருக்கு ஒன்பது லைஃப் ஜாக்கெட். ஆறு பேருக்கு ஏழு தட்டு, ஏழு தலையணை. முதலாளி கொஞ்ச நாள் சத்தம் போட்டுப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார். சாமான் ஏற்றும் ஆட்களுக்கு இது நல்ல வேடிக்கை. "யாருக்கு அக்கா இந்த ஒண்ணு? வழியில யாராவது ஏறுவாங்களா?" என்று கேட்பார்கள். "கடல்ல எதுவும் குறையக் கூடாதுப்பா" என்பாள். பதில் நியாயமாகத்தான் இருந்தது, அதனால் யாரும் மேலே கேட்கவில்லை. ஒரு விஷயத்தை மூடி வைக்க நியாயமான பதிலைவிட நல்ல மூடி கிடைக்காது.

தீவுகளைச் சுற்றிப் பார்க்க ஒரு வாரம் சொகுசுப் படகை வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு, அந்த ஏழு நாளையும் உட்கார்ந்த இடத்திலேயே முன்கூட்டி வாழ்ந்து கொடுப்பது அவள் வேலை. முதல் நாள் எந்தத் தீவு, எங்கே நங்கூரம், காற்று திசை மாறினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, தொட்டித் தண்ணீர் எத்தனை குளியலுக்குத் தாங்கும், எந்த நாளோடு ஐஸ் கரையும், தலைசுற்றுகிறவருக்கு எந்த கேபின் அதிகம் ஆடாது, இதெல்லாம் முதலில் அவள் தலைக்குள்தான் நடக்கும். மாமியாரையும் மருமகளையும் அடுத்தடுத்த கேபினில் போடமாட்டாள். "நடுவுல இருக்கறது வெறும் பலகை. காது மனுஷக் காது" என்பாள். இப்படி இருபத்திரண்டு வருடமாக ஊரையே தீவு தீவாக அனுப்பி வைத்தவள், தான் ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை. முதல் பதினோரு வருடம் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த பதினோரு வருடம் தைரியம் வரவில்லை.

அந்தப் பதினோரு வருடக் கதையைச் சொல்ல, விவரத் தாள் என்றால் என்ன என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

பயணத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தாளில் ஒரு வரிசை. பெயர், வயது, எந்த கேபின், என்ன சாப்பிடுவார், எது ஒத்துக்கொள்ளாது, என்ன மருந்து, கடைசிக் கட்டத்தில் நீச்சல் தெரியுமா தெரியாதா. வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்வதை அவள் ஒரு நீள நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். பிறகு கணினியில் ஏற்றுவாள். ஏற்றியதை நோட்டில் கோடு போட்டு அடிப்பாள். கேப்டன் கைக்குப் போவது அச்சடித்த தாள் மட்டும்தான். இதில் அந்த அலுவலகத்துக்கென்று ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. புதுத் தாளை யாரும் திறப்பதில்லை. போன வாரம் போனவர்களின் தாளைத் திறந்து, அதன் மேலேயே புதுப் பெயர்களை ஏற்றுவார்கள். கட்டங்கள் தயாராக இருக்கும், பாதி பதில்கள் ஒன்றாகவே இருக்கும், வேலை சீக்கிரம் முடியும். முதலாளிக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. அவளுக்கும்தான்.

அந்த முறை எட்டுப் பேர் போகிற பயணம். கணவன், மனைவி, எட்டு வயது மகள், மனைவியின் அப்பா, மனைவியின் இரண்டு தம்பிகள், அவர்கள் பெண்டாட்டிகள். எல்லாம் பேசி முடித்த மறுநாள் பகலில் அந்தக் கணவன் தனியாகக் கூப்பிட்டான்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். பக்கத்துல யாரும் இல்லையே?"

"இல்ல சார், சொல்லுங்க."

"எங்க மாமனார் வீட்டு ஆளுங்க எல்லாம் மீன் குஞ்சுங்க. என் பொண்ணைக்கூட அவங்க அம்மா நல்லா நீந்தப் பழக்கிட்டா. எனக்கு மட்டும் தொட்டித் தண்ணியே பயம். வீட்டம்மாவுக்கே இது தெரியாது. ஒம்பது வருஷமா வேலை இருக்கு, வேலை இருக்குன்னு சொல்லித் தப்பிச்சுட்டு வரேன்." அவன் சிரித்தான். "கேப்டன்கிட்ட மட்டும் காதோட காதா சொல்லிடுங்க. அவர் என் மேல ஒரு கண்ணு வச்சுக்கிட்டா போதும். எல்லார் முன்னாடியும் வேண்டாம். மச்சானுங்க அப்புறம் வருஷம் பூரா ஓட்டுவானுங்க."

"சொல்லிடறேன் சார். கவலைப்படாதீங்க."

"இன்னொண்ணு. சட்டைக்குள்ள போட்டுக்கற மாதிரி மெல்லிசா ஜாக்கெட் ஏதாவது இருக்குமா? பொண்ணு முன்னாடி ஒரே ஒரு தடவை தண்ணிக்குள்ள நின்னுட்டா போதும் எனக்கு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். மாலையில் தாளைத் திறந்தாள். அது முந்தின வாரம் போன ஒரு நீச்சல் சங்கத்துக்காரர்களின் தாள். அவர்களும் எட்டுப் பேர். பெயர்களை மாற்றினாள். வயது, கேபின், சாப்பாடு எல்லாவற்றையும் மாற்றினாள். கடைசிக் கட்டத்தில் எட்டு வரிசையிலும் "நன்றாக நீந்துவார்" என்று இருந்தது. அதற்கு வருமுன் ஐஸ் கிடங்கில் இருந்து ஆள் வந்து ஏதோ கேட்டான், எழுந்து போனாள். திரும்பி வந்தபோது தாள் முடிந்த மாதிரி இருந்தது. எட்டில் ஏழு உண்மை என்பதால் கண்ணுக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. அச்சடித்துவிட்டாள். கேப்டனிடம் காதோடு சொல்ல வேண்டியதும், மெல்லிய ஜாக்கெட் பார்த்து வைக்க வேண்டியதும் அதோடு போயிற்று. அவன் படகேறும்போது அந்தத் தாளின் அடியில் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள்.

மூன்றாம் நாள் அவன் இறந்துபோனான்.

இரண்டாவது தீவின் பின்பக்கம், பவளப்பாறைக்கு உள்ளே, கண்ணாடி மாதிரித் தண்ணீர். குடும்பமே குதித்து மணல் திட்டை நோக்கி நீந்திப் போனது. சாப்பாட்டுப் பெட்டியோடு ரப்பர் படகும் முன்னால் போய்விட்டது. இவன் மட்டும் ஏணியில் இறங்கினான். மேலே நின்ற கேப்டனைப் பார்த்துக் கையைக் காட்டினான். கேப்டனும் கையைக் காட்டிவிட்டு நங்கூரச் சங்கிலியைப் பார்க்க முன்பக்கம் போனார். அவ்வளவுதான். ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை.

துறைமுக அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். தாளைக் கேட்டார்கள். தாளில் "நன்றாக நீந்துவார்" என்று இருந்தது, அடியில் அவன் கையெழுத்தும் இருந்தது. பயணி தானே கொடுத்த தவறான தகவல் என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள். முதலாளி பெருமூச்சு விட்டார். நோட்டை யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவளும் காட்டவில்லை. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு தப்பு. ஒரு மாதம் கழித்துச் சொல்லியிருந்தால் குற்றம். வருடம் திரும்பிய பிறகு அதை என்னவென்று சொல்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

விசாரணையில் வராத ஒன்றைக் கேப்டன் பிறகு டீ குடிக்கும்போது அவளிடம் சொன்னார். "முதல் நாள் எல்லாரையும் உக்கார வச்சுத் தாளைப் படிச்சேம்மா. எல்லாருக்கும் நல்லா நீந்தத் தெரியும், ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன். அந்த ஆள் என்னைப் பாத்து மெதுவா கண்ணடிச்சாரு. எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல."

அவளுக்கு விளங்கியது. உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் விளங்கியது. கேப்டனுக்கு விஷயம் தெரியும், மச்சான்கள் முன்னால் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றே அப்படிப் படிக்கிறார் என்று அவன் நினைத்திருக்கிறான். அதற்கு நன்றி சொல்லிக் கண்ணடித்திருக்கிறான். ஏணியில் கையைக் காட்டினானே, அது போய்வருகிறேன் என்று அல்ல. இறங்குகிறேன், பார்த்துக்கொள் என்று. ஒரு கண் தன்மேல் இருக்கிறது என்று நம்பித்தான் அவன் தண்ணீரில் கால் வைத்திருக்கிறான். குடிக்காமல் டீ டம்ளரை மேஜையில் வைத்தாள். "சூடு" என்றாள்.

ஆவி, பேய் என்பதெல்லாம் அவள் நம்புகிற ரகம் இல்லை. அவன் முகத்தையும் அவள் பார்த்தது கிடையாது. முகம் தெரியாதவன் எப்படி வந்து நிற்பான்? அதனால் குரலாகத்தான் வந்தான். தொலைபேசியை எடுத்ததும், அந்தப் பக்கத்து ஆள் பேசத் தொடங்குமுன் ஒரு மூச்சு நேரம் இருக்குமே, அதில் வந்தான். "மேடம், ஒரு சின்ன விஷயம்." பிறகு உண்மையான ஆள் பேசுவார். மழைக்காலத்துக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று கேட்பார். அவள் பதில் சொல்வாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை மணி அடித்தால் முப்பது தடவையும் அவன் முதலில் வந்துவிட்டுத்தான் போனான். மிரட்டவில்லை, அழவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. சொல்லிவிட்டீர்களா என்று விசாரிக்கிற மாதிரிதான் இருக்கும். திட்டியிருந்தால் தேவலை என்று அவள் பல நாள் நினைத்தாள்.

அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை தவறத் தொடங்கியது. வேண்டுமென்று செய்ததில்லை. எட்டு என்று விரல் எழுதப் போகும், ஒன்பது என்று எழுதி நிற்கும். வீட்டிலும் அப்படித்தான். அவளும் கணவரும் இரண்டே பேர். மேஜையில் மூன்று தட்டு வைப்பாள். கணவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர், அதிகம் பேசாத மனிதர். மூன்றாவது தட்டை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அலுவலகத்தின் அந்தக் கெட்ட பழக்கத்தை மட்டும் அவள் ஒழித்தாள். பழைய தாளின் மேல் புதுப் பெயர் ஏற்றினால் பக்கத்து மேஜைக்காரர்களோடு சண்டைக்குப் போவாள். "ஒவ்வொரு தடவையும் வெத்துத் தாள்லதான் ஆரம்பிக்கணும்" என்பாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற காரியம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் பிடித்தாள்.

போன வருடம், சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை மணி அடித்தது. எடுத்தாள். மூச்சு நேரம் கழிந்தது. "ஒரு சின்ன விஷயம்" என்றது குரல்.

ஆனால் அது பெண் குரல். அவனுடையது வந்து போய்விட்டது, இது நிஜமானது.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல ஒரு பயணம் போட்டோம். அதே தீவு, அதே வழி, அதே மாதிரி வேணும். பழைய திட்டம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்ட அந்த அம்மா, அந்தப் பழைய பயணத்தின் தேதியைச் சொன்னார்.

அவள் தேதியைக் குறித்துக்கொள்ளவில்லை. அது அவளுக்குத் தேவைப்படவில்லை.

மதியமே அந்த அம்மா நேரில் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நிமிர்ந்த உடம்பு, வெட்டிப் பேசுகிற பேச்சு. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை என்றார். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"ஆறு பேர். நான், என் பொண்ணு, என் தம்பிங்க ரெண்டு பேர், அவங்க வீட்டம்மாங்க. அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. வழியை மாத்த வேண்டாம். மூணாவது நாள் அந்தப் பாறைக்குப் பின்னாடி நிறுத்தணும்."

"சரிங்க மேடம்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. என் வீட்டுக்காரர் அங்கதான் போனாரு."

"இருக்குங்க" என்றாள்.

"நல்லா நீந்துவேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. கேப்டன் படிச்சப்ப எனக்கே ஆச்சரியம். அவர் தண்ணியில இறங்கி நான் பாத்ததே இல்ல, எப்பங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. அவ்வளவு பெரிய பொய், அதுக்கு ஒரு சிரிப்பு." அந்த அம்மா கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினார். "என் தம்பிங்க முன்னாடி வீராப்பு காட்டணும், அதுக்காக எழுதியிருக்காரு. செத்தவரைத் திட்டக் கூடாதும்பாங்க. நான் பதினோரு வருஷமா திட்டிக்கிட்டிருக்கேன். பொண்ணு சின்னதா ஒரு பொய் சொன்னாக்கூட அப்பன் புத்தி அப்படியே இருக்குன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்துட்டேன். இப்ப அவளுக்குப் பத்தொம்பது. போன மாசம் கேக்கறா, எங்க அப்பா பொய்க்காரர்ங்கறதைத் தவிர வேற ஏதாவது அவரைப் பத்திச் சொல்லேம்மான்னு. சொல்லப் பாத்தா எனக்கு ஒண்ணும் வரல. எல்லாத்தையும் அந்தத் தாள் தின்னுடுச்சு. அதான், அந்த இடத்துக்கே போய் நின்னு, போனா போகுதுன்னு மன்னிச்சுட்டு வந்துடலாம்னு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு அது மேஜைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக உட்கார்ந்திருந்தது. தன்னால் ஒரு மனிதன் செத்தான் என்றுதான் அவள் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். செத்தவனைப் பொய்யனாகவும் ஆக்கி வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. முழங்காலை ஒட்டினாற்போல் மேஜையின் கீழ் டிராயர் இருந்தது. அதற்குள் நோட்டு இருந்தது.

திறக்கவில்லை. நல்லவள் கதை எழுதுகிறவர்கள் அங்கேயே திறக்க வைத்திருப்பார்கள். இவள், "திங்கக்கிழமை திட்டத்தோட கூப்பிடறேங்க" என்று சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினாள். பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேஜையில் மூன்று தட்டு வைத்தாள். கணவர் வழக்கம்போல் மூன்றாவதை எடுக்கக் கை நீட்டினார். "எடுக்காதீங்க" என்றாள். பிறகு சொன்னாள். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாததை, குழம்பு ஆறிப்போகும் வரை, ஒன்றுவிடாமல் அந்த மனிதரிடம் சொன்னாள்.

அவர் மூன்றாவது தட்டை அது இருந்த இடத்திலேயே நேராக வைத்தார். "சுவர்ல ஈரம் வந்தா ஜனங்க மேல மேல சுண்ணாம்பு அடிப்பாங்க" என்றார். "என்னைக் கூப்பிட்டா நான் உடைக்கத்தான் சொல்வேன். உடைச்சா வீடு அசிங்கமாத்தான் போகும். வேற வழி கிடையாது."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"கேஸ் வரும்."

"வரும்தான்." அவர் எழுந்து போய், ரசீது எழுதும் தன் காகிதக் கட்டையும் பேனாவையும் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். "சாப்பிட்டுட்டு எழுது. வெறும் வயித்தோட எழுதினா கை நடுங்கும்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா வந்தார். திட்டம் மேஜை மேல் தயாராக இருந்தது. அவள் அதைக் காட்டாமல் டிராயரைத் திறந்தாள். நோட்டை எடுத்தாள். ஓரமெல்லாம் மஞ்சளடித்திருந்தது. பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, தானாகத் திறந்துகொண்டது.

"உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலைங்க. தாள்ல இருந்தது நான் விட்ட தப்பு. அவர் என்ன சொன்னாருன்னு இதுல இருக்கு."

அந்த அம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். பக்கம் முழுக்க எல்லா வரியும் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அடியில் நான்கு வரி மட்டும் அடிபடாமல் நின்றது. பென்சில் எழுத்து; மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

கணவர் – நீச்சல் தெரியாது. தண்ணீர் பயம்.
கேப்டனிடம் தனியாகச் சொல்ல. மற்றவர் முன் வேண்டாம்.
மெல்லிய ஜாக்கெட், சட்டைக்குள் போட. இருக்கிறதா?
மகள் முன்னால் ஒரு தடவை தண்ணீரில் நிற்க ஆசை.

ஒரு தடவை படித்தார். விரலை வைத்து, பிள்ளைகள் படிப்பதுபோல், இன்னொரு தடவை படித்தார். அதற்குள் அவள் மீதியையும் சொல்லிவிட்டாள். நீச்சல் சங்கத்தின் தாள், ஏற்றாமல் விட்ட கட்டம், கண்ணடித்தது ஏன், கையைக் காட்டியது ஏன். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியிருக்க வேண்டும்; முதலாளி அறையை விட்டு வெளியே வந்து நின்றார். மாதத் திட்டம் வாங்க வந்த கேப்டனும் படிக்கட்டின் உச்சியில் நின்றுவிட்டார்.

"என்னம்மா உளர்ற?" என்றார் முதலாளி. "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச விஷயம். இப்ப எதுக்குக் கிணறு வெட்டிப் பூதத்தைக் கிளப்புற? மேடம், இவங்களுக்கு உடம்பு சரியில்ல…"

"நீங்க சும்மா இருங்க" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் அப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது. முதலாளி சும்மா இருந்தார்.

பிறகு அந்த அம்மா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் குனியப் பார்த்தாள். குனியக் கூடாது என்று நிமிர்ந்தே இருந்தாள்.

"பதினோரு வருஷம். இந்த டிராயர்லயே இருந்துச்சா?"

"ஆமாங்க."

"விசாரணையில நான் வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தேன். நீங்க எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தீங்க."

"ஆமாங்க."

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"நான் அதைக் கேக்கலைங்க" என்று அவள் ஒரு உறையை நீட்டினாள். "துறைமுக ஆபீசுக்கு எழுதியிருக்கேன். என் கையெழுத்து போட்டிருக்கு. இதையும் நோட்டையும் நீங்களே கொண்டுபோங்க. நான் கொண்டுபோனா வழியில மனசு மாறிடுமோன்னு பயமா இருக்கு."

படிக்கட்டில் நின்றிருந்த கேப்டன் அப்படியே படியில் உட்கார்ந்தார். "அதுக்குத்தான் கண்ணடிச்சாரா" என்றார், யாரிடமும் இல்லாமல். "பாத்துக்கோன்னு சொல்லியிருக்காரு. நான் பதிலுக்குக் கையைக் காட்டிட்டுப் போனேனே." பெரிய உடம்புக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"நாளையிலருந்து நீ வர வேண்டாம்" என்றார் முதலாளி அவளிடம்.

"நாளைக்குத்தானே?" என்றார் அந்த அம்மா. "இன்னிக்கு இவங்க எனக்கு வேலை பாக்கணும். ஒரு வெத்து விவரத் தாள் குடுங்க."

கொடுத்தாள். அந்த அம்மா தன் பேனாவை எடுத்து, முதல் வரிசையில் கணவன் பெயரை எழுதினார். வயது என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கி, அப்போது இருந்த வயதையே போட்டார். சாப்பாட்டில் கத்தரிக்காய் ஆகாது என்று எழுதினார். எழுதும்போது மூக்கை உறிஞ்சினார். கடைசிக் கட்டத்துக்கு வந்தார். தெரியாது என்று எழுதி, அடிக்கோடு இட்டார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்ற இடத்தில் இப்படி எழுதினார்: எங்களிடம் உண்மையைச் சொல்லக் கூச்சப்படுவார். ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும்.

"படிங்க" என்று தாளை அவளிடம் தள்ளினார். "அன்னிக்குக் கேப்டன் படிச்ச மாதிரி. எல்லாருக்கும் கேக்கணும்."

அவள் எழுந்து நின்று படித்தாள். மற்ற மூன்று மேஜைக்காரர்களும் கேட்டார்கள், முதலாளி கேட்டார், படியில் கேப்டன் கேட்டார். காதோடு காதாகச் சொல்லச் சொன்னதை ஊர் கேட்கச் சொன்னாள். நடுவில் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. கடைசி வரியின் பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

அந்த அம்மா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். "இது என் பொண்ணுக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி. பயணத்தைக் காட்டுங்க."

"மேடம், வேற ஆபீஸ்ல போட்டுக்கலாங்க. என்னை நம்பி…"

"வேற எவளும் வேண்டாம். தாள்ல தப்பு விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்ச அளவு இந்தத் துறைமுகத்துல யாருக்குத் தெரியும்? காட்டுங்க."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். முதல் நாள், இரண்டாம் நாள், காற்று, நங்கூரம். மூன்றாம் நாளில் பாறைக்குப் பின்னால் காலை எட்டு மணிக்கு நிறுத்தம், ரப்பர் படகு படகை விட்டு நகரக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. அந்த அம்மா தலையாட்டினார். கடைசிப் பக்கம், சாமான் பட்டியல். அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

"ஆறு பேருக்கு ஏழு ஜாக்கெட்டா?"

அவள் முகம் வெளுத்தது. "தப்புங்க. கை அப்படிப் பழகிடுச்சு. அடிச்சுடறேன்" என்று பென்சிலை எடுத்தாள்.

அந்த அம்மா தாளின் மேல் கையை வைத்தார்.

"அடிக்காதீங்க. அந்த ஏழாவது மட்டும் மெல்லிசா, சட்டைக்குள்ள போடற மாதிரி பாத்து வைங்க."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். குறித்துக்கொள்ளவில்லை. நேராகக் கணினிப் பக்கம் திரும்பி, அந்த வரியை அப்போதே ஏற்றினாள். சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். அதன் பிறகு பழைய நோட்டைத் தன் பக்கம் இழுத்து, "எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்" என்று கேட்டுவிட்டு, மெல்லிய ஜாக்கெட் என்றிருந்த மூன்றாவது வரியில் கோடு போட்டு அடித்தாள்.